ஒண்ணுல பிடி

தடகள நடுவர் தேர்வில் தேறியிருக்கும் உங்களுக்காகச் சங்கத்தில் ஒரு சிறு புத்தகம் போடுகிறார்களாம். பழைய ஆட்கள் ஆளுக்குக் கொஞ்சம் எழுத வேண்டுமாம். செயலாளர் மில்லர்புரத்தில் இருக்கும் என் வீட்டுக்கே வந்து, "உற்சாகமா ஏதாவது எழுதித் தாங்க அண்ணாச்சி, புதுப் பிள்ளைகளுக்கு ஒரு பிடிப்பு வரணும்லா" என்றார். காப்பியைக் குடித்தார், போய்விட்டார். உற்சாகம் வேண்டுமென்றால் அவர் வேறு வீட்டுக் கதவைத் தட்டியிருக்க வேண்டும். என்னிடம் இருப்பது ஒரு மீட்டர் தப்பு. அதைத்தான் எழுதப் போகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். கப்பலில் இருந்து இறங்குவதையும் ஏறுவதையும் எண்ணி எழுதுவது வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் மாவட்டத் தடகளப் போட்டிகளில் அளவு பார்ப்பேன். பிறகு பதிவுப் பட்டியலை வைத்துக்கொள்ளும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. எந்தப் போட்டியில் யார் எவ்வளவு, பழைய பதிவு எது, புதிய பதிவு எது என்று எல்லாம் என் வீட்டு இரும்புப் பெட்டியில்தான் இருந்தன. யாராவது சந்தேகம் கேட்டால், "அண்ணாச்சி சொன்னா சரியா இருக்கும்" என்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்டதும் நான் பெட்டியை மூடிவிடுவேன்.

முதலில் சின்னதாக ஒன்று. சம்மட்டி எறிதல் என்றால் கொல்லன் பட்டறைச் சம்மட்டி இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஏழு கிலோவுக்கு மேல் எடையுள்ள இரும்புக் குண்டு, ஒரு கம்பி, கைப்பிடி. அதைப் பிடித்துக்கொண்டு ஒருவன் சுழலும்போது அவனைச் சுற்றி வலைக்கூண்டு இருக்க வேண்டும். எங்கள் ஊர் உப்புக் காற்றில் கூண்டு வலை இற்றுப்போனதும், கரையில் இருந்து மடிவலைத் துண்டு கொண்டுவந்து கோத்துக் கட்டிவிட்டோம். மீனைப் பிடித்த வலைதானே, குண்டைப் பிடிக்காதா என்று நினைப்பு. முதல் ஞாயிற்றுக்கிழமையே குண்டு வலையைக் கிழித்துக்கொண்டு வந்து, நான் அப்போதுதான் எழுந்துபோன நாற்காலியில் உட்கார்ந்தது. அன்று எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. இவ்வளவு போதும் என்று விடுகிற பழக்கம் எங்களிடம் அப்படித்தான் வேர் பிடித்தது.

இனி ஜெரோமைப் பற்றிச் சொல்கிறேன். தோணியில் மூட்டை ஏற்றுகிற வேலை அவனுக்கு. கழுத்தும் தோளும் ஒன்றாக இருக்கும். பேச்சு மட்டும் பூனை மாதிரி. ஒரு கப்பல் கம்பெனியில், சம்மட்டி எறிதலில் மாவட்டப் பதிவை முறிக்கிறவனுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த வருடப் போட்டிக்கு அவன் சொந்தக்காரர்கள் இரண்டு வேனில் வந்திறங்கினார்கள். மைதானம் திருவிழா மாதிரி இருந்தது.

அளப்பதற்கு மூன்று பேர். குண்டு விழுந்த இடத்தில் டேப்பின் முனையைப் பிடித்தவர் சவரிமுத்து. அவரும் துறைமுகத்துக்காரர், என்னோடு கிடங்கில் வேலை பார்த்தவர். எறிகிற வட்டத்தின் விளிம்பில் உட்கார்ந்து டேப்பைப் படித்தவன் நான். எழுதியவர் ஒரு பள்ளிக்கூட உடற்பயிற்சி ஆசிரியர். பெயர் வேண்டாம், வாத்தியார் என்றே சொல்கிறேன். நடுவர் வேலையில் எனக்கு அ, ஆ சொல்லித் தந்தவர் அவர்தான். எதைச் சொன்னாலும் ஒரு முறை திருப்பிச் சொல்லி, "சரியா?" என்று கேட்டுவிட்டுத்தான் பேனாவை வைப்பார்.

எல்லாரும் நாலு முறை எறிந்து முடித்ததும் டேப்பின் முனை வளையம் துருப்பிடித்துச் சவரிமுத்துவின் கையோடு வந்துவிட்டது. வேறு டேப் இல்லை. இந்த இடத்தில் துறைமுகப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். முனை போன டேப்பை நாங்கள் தூரப் போடுவதில்லை. பூஜ்யத்துக்குப் பதிலாக ஒரு மீட்டர் கோட்டில் பிடிப்போம். அதற்குப் பெயர் 'ஒண்ணுல பிடி'. பிடிக்கிறவன், "ஒண்ணுல புடிச்சிருக்கு" என்று ஒரு சத்தம் கொடுப்பான். படிக்கிறவன் கண்ணில் பட்டதை அப்படியே சொல்வான். எழுதுகிறவன் ஒன்றைக் கழித்து எழுதிக்கொள்வான். மரம் அளந்தாலும் சரி, கிடங்கில் அடுக்கு அளந்தாலும் சரி, அதுதான் முறை. கழிப்பது எழுதுகிறவன் வேலை என்பது அங்கே மூன்று பேருக்கும் தெரியும் என்பதால் யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதே இல்லை.

ஐந்தாவது முறைக்கு முதலில் வந்தவன் ஜெரோம். மூன்று சுற்றுச் சுற்றி விட்டான். நல்ல எறிதான், விழுந்த சத்தத்திலேயே தெரிந்தது. சவரிமுத்து அங்கிருந்து, "ஒண்ணுல புடிச்சிருக்கேன்!" என்று கத்தினார். நான் டேப்பைப் பார்த்து, கண்ணில் பட்டதைச் சொன்னேன். வாத்தியார் அதை அப்படியே திருப்பிச் சொல்லி, "சரியா?" என்றார்.

"சரி" என்றேன். நான் படித்தது சரிதான்.

அவர் ஒலிபெருக்கிக்காரருக்குச் சீட்டைக் கொடுத்தார். பதிவு முறிந்தது என்று அறிவித்த மறு நிமிடம் இரண்டு வேன் சனமும் மைதானத்துக்குள் ஓடிவந்து ஜெரோமைத் தூக்கிவிட்டது. குண்டு விழுந்த குழி அத்தனை பேர் காலடியில் போயிற்று. அவர்களை ஒதுக்கி அடுத்த ஆளை எறிய விடக் கால் மணி நேரம் ஆனது. அடுத்த குண்டு விழுந்தது. சவரிமுத்து மறுபடியும், "ஒண்ணுல புடிச்சிருக்கேன்" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாத்தியார் துறைமுகத்தில் வேலை பார்த்தவர் இல்லை.

"சார், இத ஒண்ணு கழிச்சி எழுதுங்க. டேப்பு முன போயிட்டு" என்றேன்.

அவர் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். "இப்பதான் போச்சா?"

ஜெரோம் இன்னும் யார் தோளிலோ இருந்தான். அவன் அம்மா முழங்காலில் நின்று செபம் சொல்லிக்கொண்டிருந்தாள். மேடையில் மாலை தயாராக இருந்தது.

"ஆமா" என்றேன்.

பிறகு பதிவுப் படிவம் நிரப்பினோம். விதிமுறை விட்டுவிடவில்லை, கேட்டுக்கொள்ளுங்கள். குண்டை மறுபடி எடை போட்டோம், கிராம் சுத்தமாக இருந்தது. வட்டத்தின் விட்டத்தை அளந்தோம். மைதானம் எறிகிற பக்கம் சரிகிறதா என்றுகூடப் பார்த்தோம். எல்லாம் சரியாக இருந்தது. பிடித்தவர், படித்தவர், எழுதியவர் என்று மூன்று கையெழுத்து போட்டோம். மூன்றும் இல்லாமல் பதிவு செல்லாது என்பது உங்களுக்குப் பாடத்திலேயே இருக்கும்.

மறுநாள் ஞாயமாக யோசித்திருந்தால் வாத்தியார் வீட்டுக்குப் போயிருப்பேன். போகவில்லை. வாத்தியாரே கழித்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய் என்று தெரிந்தே சொல்லிக்கொண்டேன். ஜெரோமுக்கு வேலை கிடைத்தது. அதைக் கெடுக்க நான் யார் என்றும் சொல்லிக்கொண்டேன். கோழைக்குக் காரணத்துக்கா பஞ்சம்?

சில வருடம் கழித்துப் பட்டியல் பொறுப்பு என்னிடம் வந்தபோது அந்த நாளின் சீட்டும் பெட்டியோடு வந்தது. ஜெரோமின் ஆறு எறியும் வரிசையாக இருந்தன. ஐந்து எறிகள் ஒன்றுக்கொன்று ஒரு சாண் வித்தியாசத்தில் இருந்தன. ஒன்று மட்டும் ஒரு மீட்டர் தள்ளிப் போய்த் தனியாக நின்றது. புள்ளிவிவரம் பார்க்கிறவனுக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டாம். ஒரு ஆளின் கை ஒரு நாளில் அப்படித் தாவாது. நான் அந்த எண்ணில் இருந்து ஒன்றைக் கழித்துப் பார்த்தேன். கழித்த பிறகும் அது பழைய பதிவைவிட நாலு விரல் கூடத்தான் இருந்தது.

திரும்ப ஒரு முறை கழித்துப் பார்த்தேன். ஆமாம். அன்றைக்கு நான் வாத்தியாரிடம் உண்மையைச் சொல்லியிருந்தாலும் ஜெரோம் பதிவை முறித்தவன்தான். வேலை அவனுக்குத்தான். மாலை அவனுக்குத்தான். யாருக்கும் ஒரு நஷ்டமும் வராத இடத்தில் நான் பொய் சொல்லியிருக்கிறேன். அந்தச் சீட்டைப் பெட்டியின் அடியில் வைத்து மூடினேன். அந்த வருடப் பட்டியலிலும் தப்பான எண்ணையே எழுதி அச்சுக்குக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு வந்தவன் இசக்கிமுத்து. ஆற்றோரம் நெல் விவசாயம் பார்க்கிற குடும்பம். எலும்பும் தோலுமாக வந்தான். இவனா சம்மட்டி எறிவான் என்று கேலி பண்ணினோம். ஆனால் காலில் அப்படி ஒரு வேகம். அந்தக் காலத்தில் சங்கத்தில் ஒரு தீர்மானம் இருந்தது. சம்மட்டியில் மாவட்டப் பதிவை முறித்தால்தான் மாநிலப் போட்டிக்கு அனுப்புவோம், இல்லாவிட்டால் ஆள் அனுப்புவது வீண் என்று. முதல் வருடம் இசக்கிக்குப் பதிவுக்கு மூன்று சாண் குறைந்தது. அடுத்த வருடம் இரண்டு சாண். இரண்டு முறையும் முதலில் வந்தது அவன்தான், இரண்டு முறையும் வீட்டுக்குத்தான் போனான். இரண்டு முறையும் அளந்து சொன்னவன் நான். ஜெரோமின் உண்மையான எறியை அவன் முதல் வருடமே தாண்டிவிட்டான் என்று அந்த மைதானத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

மூன்றாம் வருடம் போட்டிக்கு முன்னால் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அண்ணாச்சி, இதான் கடேசி. அய்யா வெளிநாட்டுக்குப் போவச் சொல்லுதாரு, விசாவெல்லாம் பாத்தாச்சு. மாநிலத்துக்குப் போயிட்டேன்னா விட்டுருவாரு."

"நல்லா எறி, போ."

"ஜெரோம் அண்ணாச்சி எறிஞ்சத நீங்க பக்கத்துல இருந்து பாத்தீங்களாமே? அது எப்படிப் போச்சு? ஒசரமாப் போச்சா, தாழப் போச்சா?"

நல்ல சந்தர்ப்பம் என்றால் அதுதான். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வாயைத் திறந்தேன்.

"ஒசரமாத்தான் போச்சு" என்றேன்.

"அதான் நானும் நெனச்சேன். மூணு சுத்துல அது வராது அண்ணாச்சி. நாலு சுத்திருப்பாரு."

ஜெரோம் மூன்றுதான் சுற்றினான். அதையும் நான் சொல்லவில்லை. ஐந்து எறி மூன்று சுற்றில் எறிந்தான் இசக்கி. அதில் நல்ல எறி எதுவோ அது பதிவுக்கு ஒரு சாண்தான் குறைவு. ஆறாவது எறிக்கு நாலு சுற்றுச் சுற்றினான். பழகாத நாலாவது சுற்று. குண்டு ஒரு பக்கம் இழுக்க, வட்டத்துக்குள் ஊன்றிய கால் திரும்பவே இல்லை, முட்டி மட்டும் திரும்பியது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. அவன் கத்தவில்லை. "வட்டத்துக்கு வெளிய போவலல்லா அண்ணாச்சி? செல்லும்லா?" என்றுதான் கேட்டான். குண்டு வலையில் கிடந்தது.

வெளிநாடும் போக முடியவில்லை. இடது கால் மடங்காது. இப்போது வேம்பார் பக்கம் ஓர் உப்புக் கம்பெனியில், லாரி எடை போடுகிற மேடையில் இருக்கிறான். அங்கே லாரிக்காரர்கள் அவனைத் திட்டுவதாகக் கேள்விப்பட்டேன். சந்தேகம் வந்தால் லாரியைப் பின்னால் எடுக்கச் சொல்லி மறுபடி ஏற்றி எடை போடுவானாம்.

ஓய்வு பெற்ற பிறகும் நான் வாய் திறக்கவில்லை. வாத்தியார் போய்ச் சேர்ந்தார். சவரிமுத்தும் போனார். பிறகு ஜெரோமும் மாரடைப்பில் போனான். சாவுக்கு என்னால் போக முடியவில்லை. போன வருடம் கல்லறைத் திருநாளுக்குப் போனேன். அவன் மனைவி ரோஸ்லின் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். கல்லில் பெயர், பிறந்த நாள், இறந்த நாள். அதற்குக் கீழே, 'சம்மட்டி எறிதல், மாவட்டப் பதிவு' என்று வெட்டி, எத்தனை மீட்டர், எத்தனை சென்டிமீட்டர் என்றும் வெட்டியிருந்தது.

"நீங்கதான அளந்தீங்க அண்ணாச்சி? கொஞ்சம் சரி பாருங்க. கல்லு வெட்டுறவன் நம்பரத் தப்பா வெட்டிருவானோன்னு எனக்குப் பயமாவே இருந்துச்சு."

குனிந்து பார்த்தேன். நான் கையெழுத்துப் போட்ட அதே எண்.

"சரியா இருக்கும்மா" என்றேன்.

வாசல்வரை நடந்ததுதான் தெரியும். அங்கே ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வயதானவன் செத்தவனுக்காக அழுகிறான் என்று நினைத்து யாரோ தண்ணீர் கொடுத்தார்கள்.

அதற்கு மேல் முடியவில்லை. சீட்டை எடுத்துக்கொண்டு சங்கத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கமிட்டி பொறுமையாகக் கேட்டது. ஆட்சேபம் இருந்தால் முடிவு அறிவித்த அரை மணி நேரத்துக்குள் கொடுத்திருக்க வேண்டும் என்றது. விதி அப்படித்தான், நானே எத்தனையோ பேரிடம் அதைக் காட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். "செத்தவன் பேர எதுக்கு அண்ணாச்சி இழுக்கணும்" என்று ஒருவர் சொன்னார். பட்டியல் மாறவில்லை. ரோஸ்லினிடம் போய்ச் சொன்னேன். அவள், "கல்லுல வெட்டுனத என்ன செய்யச் சொல்லுதீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

கடைசியாக வேம்பார் பஸ் ஏறினேன்.

இசக்கி எடைமேடைக் கொட்டகையில் இருந்தான். தலை நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் தந்துவிட்டு, காலை நீட்டிப் பெஞ்சில் உட்கார்ந்தான். டேப்பின் முனை போனதில் இருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். எதையும் குறைக்கவில்லை.

"ஒரு மீட்டரா?" என்றான்.

"ஒரு மீட்டர்."

"அப்ப நான் மூணு வருசமும்..."

"மூணு வருசமும் முறிச்சிருக்க."

வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்தது. அவன் திரும்பவில்லை.

"மூணு சுத்துதான் சுத்துனாரா?"

"மூணுதான்."

அவன் தன் முட்டியைத் தடவிக்கொண்டே இருந்தான். பிறகு சொன்னான்: "இத எதுக்கு அண்ணாச்சி இப்ப வந்து சொல்லுதீங்க? இத்தன வருசமா நான் தோத்தவன். அது எனக்குப் பழகிட்டு. பொண்டாட்டிட்ட, பிள்ளைட்ட எல்லாம் அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன். இப்ப நீங்க வந்து என்னய ஏமாந்தவனா ஆக்கிட்டீங்க. இனிமே மொதல்லேருந்துல்லா நான் ஆரம்பிக்கணும்."

மன்னிப்புக் கேட்கலாம் என்று போனவன் நான். அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

அவன் மேசையில் இருந்த எடைச்சீட்டு ஒன்றைக் கிழித்து, வெற்றுப் பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தான்.

"எழுதுங்க. எந்த வருசம் எவ்வளவுன்னு மூணையும் எழுதுங்க. மவ கேட்டா காட்டணும்லா."

எழுதினேன். இரண்டாவது எண்ணில் ஒரு சென்டிமீட்டர் தடுமாறினேன். அவன் சீட்டைப் பார்க்காமலே, "அதுல ஒண்ணு கூட" என்று திருத்தினான். அவன் சொன்னதுதான் சரி. எழுதி முடித்துக் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அவன் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். என் கையெழுத்துக்குப் பக்கத்தில் இருந்த வெற்று இடத்தை விரலால் தடவினான். மூன்று வருடமும் என்னிடம் பதிவுப் படிவத்தைக் கேட்டு வாங்கி, மூன்று கையெழுத்தும் எங்கெங்கே வரும் என்று பார்த்து வைத்திருந்தவன் அவன்.

"ஒண்ணுதானா அண்ணாச்சி?" என்றான்.